தியேட்டருக்குப் பக்கத்தில்

இடிந்து போன கட்டடங்களுக்காக அழுவதற்கென்றே பினாங்கில் ஒரு குழு இருக்கிறது. ‘மறையாத பினாங்கு’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வாட்ஸப்பில் இருநூற்று முப்பது பேர். காலையில் பல் விளக்குவதற்கு முன்பே யாராவது ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைப் போடுவார்கள். உடனே எண்பது பேர் வரிசையில் நின்று மூக்கைச் சிந்துவார்கள். ஆஹா, அந்தக் காலம் வருமா! அந்தக் கடை மீ கோரேங் வருமா! அந்தக் கடைக்காரன் உயிரோடு இருந்தபோது இவர்களில் பாதிப் பேர் அவனிடம் சில்லறைக்குச் சண்டை போட்டவர்கள்.

குழுவின் தலைவர் சுகுமாரன், ஓய்வு பெற்ற பேங்க் மேனேஜர். பழைய கடைவீடுகளின் ஐந்தடி நடைபாதைகளைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் குரல் தழுதழுக்கும். மனிதர் குடியிருப்பது கடலோரத்தில் இருபத்திரண்டாவது மாடி. அந்த மாடி நிற்கிற இடத்தில் முன்பு என்ன இருந்தது என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. டவுனுக்கு வந்தால் காடியை விட்டு இறங்கமாட்டார், வெயிலாம்.

நான் சந்திரசேகரன். எழுபத்திரண்டு வயது. முப்பத்தேழு வருடம் ஒரு கட்டடக் கலைஞரின் அலுவலகத்தில் பிளான் வரைந்தவன். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாகக் கட்டப் போவதை முழுக் கோட்டில் வரைவோம், இடிக்கப் போவதை விட்டு விட்டுப் போட்ட கோட்டில் வரைவோம். இவர்கள் அழுகிற கட்டடங்களில் குறைந்தது இருபது என் கையால் விட்டு விட்டு வரையப்பட்டிருக்கும். அதற்காக நான் அழவில்லை, சம்பளம் வாங்கினேன். அந்தக் கூட்டத்தில் யோக்கியன் நான் ஒருவன்தான் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என்னை அதில் சேர்த்துவிட்டது என் மனைவி யோகலட்சுமி. தைப்பிங்கில் பிறந்தவள், யாழ்ப்பாணத்துக் குடும்பம். அப்பா ரயில்வே கிளார்க், தாத்தா ரயில்வே கிளார்க். அவளும் பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றாள். முத்து முத்தான கையெழுத்து. நான் வீட்டில் உட்கார்ந்து எல்லாரையும் திட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துச் சலித்து, நாலு பேரோடு பழகட்டும் என்று சேர்த்துவிட்டாள்.

மார்ச் மாதம் ஒரு சங்கக் கட்டடத்தின் மேல்மாடியில் கூட்டம் போட்டார்கள். சுவர் முழுக்க ஜார்ஜ்டவுனின் பழைய வரைபடம். ஆளுக்கொரு மஞ்சள் காகிதம் கொடுத்து, “உங்க ஞாபகம் எங்க இருக்கோ அங்க ஒட்டுங்க” என்றார் சுகுமாரன். ஒட்டினார்கள். கோல்டன் ஸ்டார் தியேட்டர் இருந்த இடத்தில் மட்டும் பதினேழு காகிதங்கள். ஒட்ட இடமில்லாமல் கடலுக்குள் ஒன்று போய்விட்டது.

அந்தத் தியேட்டரின் மதில் சுவருக்கு அந்தப் பக்கம் நாலு பிளாக் கட்டடம் இருந்தது. டவுன் கவுன்சில் கோட்டர்ஸ். பிளாக்குக்கு இருபத்துநாலு அறை, அறைக்கு ஒரு குடும்பம். தெரு கூட்டியவர்கள், சாக்கடை அள்ளியவர்கள், என் சின்ன வயதில் மலவாளி சுமந்தவர்கள், எல்லாரும் தமிழர்கள். தொண்ணூற்றாறு குடும்பம் இருந்த அந்த இடத்தில் ஒரு காகிதம்கூட இல்லை. அந்தப் பிள்ளைகள் படித்தார்கள், வேலைக்குப் போனார்கள், நல்ல சட்டை போட்டார்கள். எங்கே குடியிருந்தீர்கள் என்று கேட்டால் எல்லாருக்கும் ஒரே பதில்தான், தியேட்டருக்குப் பக்கத்தில். ஹாலில் இருந்தவர்களில் குறைந்தது ஐந்து பேர் கோட்டர்ஸ் பிள்ளைகள். சுகுமாரனின் அப்பா சி பிளாக். அது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் பி பிளாக், பதினாலாம் நம்பர்.

கூட்டம் முடிகிற நேரத்தில் அந்தப் பெண் வந்தாள். அறுபத்தைந்து வயதிருக்கும். ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்துப் படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. கையில் ஒரு பிளாஸ்டிக் பைல். குமுதா. முப்பது வருடம் கழித்துப் பார்த்தாலும் எனக்குத் தெரிந்துவிட்டது. நான் மெல்லத் தூணுக்குப் பின்னால் நகர்ந்தேன்.

“எல்லாரும் மன்னிக்கணும். நீங்க பழைய இடமெல்லாம் ஞாபகம் வெச்சிருக்கிறவங்கன்னு சொன்னாங்க,” என்றாள். “நான் கவுன்சில் கோட்டர்ஸ்ல பொறந்தவ. அறுபதாம் வருஷம். எங்கப்பா பொறப்பு சூராட் எடுக்கல. இன்னும் குடியுரிமை இல்லாத சிவப்பு ஐசிதான் வெச்சிருக்கேன். நான் இங்கதான் பொறந்தேன்னு, அந்த நேரத்துல அங்க குடியிருந்த ஒருத்தர் வந்து சொல்லணுமாம். இடுப்பு ஆப்பரேஷனுக்கு வெளிநாட்டுக்காரிக்கான கட்டணத்துலதான் என்னைய சேக்கிறாங்க. அடுத்த மாசம் கடைசி விசாரணை. சாட்சி இல்லேன்னா பைல மூடிருவாங்க. இங்க யாராச்சும் கோட்டர்ஸ்ல இருந்தீங்களா?”

ஒரு பயல் வாயைத் திறக்கவில்லை. அதுவரை எந்தக் கடை எந்தத் தெருவில் எத்தனையாவது கதவு என்று கொட்டிய வாய்கள் எல்லாம் கப்சிப். ஒருவர் போனைப் பார்த்தார். ஒருவர் தேநீர் ஊற்றப் போனார். சுகுமாரன் தொண்டையைச் செருமி, “நாங்க எல்லாம் தியேட்டருக்குப் பக்கத்துல இருந்தவங்கம்மா. உள்ள யாரு இருந்தா, தெரியாது லா,” என்றார். அவர் அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிடலாமா என்று எனக்கு நாக்கு துறுதுறுத்தது. சொன்னால் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். நானும் தேநீர் ஊற்றப் போனேன்.

என்னோடு வந்திருந்த யோகலட்சுமிக்குத்தான் பொறுக்கவில்லை. “இஞ்சேரப்பா, நீங்கள் அந்த இடத்துக்குப் பிளான் கீறினவர்தானே?” என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். “இவர் வருவார் பிள்ளை. இவருக்குத் தெரியாத கட்டடம் இந்த ஊரில இல்லை.”

குமுதா திரும்பிப் பார்த்தாள். என்னைக் கண்டுகொண்டாள். ஒரு கணம் அவள் முகம் மலர்ந்தது, உடனே கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். “ஐயாவுக்குத் தெரிஞ்சிருந்தா நல்லாருக்கும்,” என்றாள். பிறந்ததிலிருந்து அண்ணே என்று கூப்பிட்டவள், ஐயா என்றாள்.

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், மற்றவர்களைக் கிழித்தது போதும்.

என் அப்பா மலவாளி சுமந்தவர். நான் பள்ளியில் ஐந்தாம் பாரம் படிக்கும்போதே இறந்துபோனார். அம்மா அஞ்சலை தெரு கூட்டி என்னைப் படிக்க வைத்தாள். பிளான் வரையப் பழகிச் சம்பளம் வாங்க ஆரம்பித்ததும் நான் கடலுக்கு எதிர்க்கரையில் பட்டர்வொர்த்தில் அறை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். எண்பத்திரண்டில் யோகலட்சுமியைப் பெண் கேட்டேன். அவள் அப்பா என் வீட்டைப் பற்றி விசாரித்தார். அப்பா கவுன்சிலில் கிளார்க்காக இருந்தார் என்றேன். அம்மா எங்கே என்றார். இறந்துவிட்டார்கள் என்றேன்.

அம்மா அப்போது பி பிளாக் பதினாலாம் நம்பரில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்திருப்பாள். அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடம் உயிரோடு இருந்தாள். மாதம் ஒருமுறை பெர்ரி கப்பலில் வந்து, அரை மணி நேரம் உட்கார்ந்து, செலவுக்குக் கொடுத்துவிட்டுப் போவேன். கல்யாணத்தைச் சொன்னபோது, “நல்ல எடம்னா சரிதான். நான் வந்து நின்னா உனக்குத்தான் கேவலம்,” என்றாள். வா என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளே சொல்லிவிட்டது எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலே காறித் துப்பத் தோன்றுகிறது.

கடைசி இரண்டு வருடம் அவள் படுக்கையில் கிடந்தாள். பக்கத்து அறைக் குமுதாதான் பார்த்துக்கொண்டாள். தொண்ணூற்று நாலு ஜூலையில் அம்மா போனாள். கொள்ளி போட்டது குமுதாவின் புருஷன். நான், இறந்தது ஆபீஸ் நண்பனின் தாயார் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்து, கூட்டத்தில் பின்வரிசையில் நின்றேன்.

இதைவிடக் கேவலமான ஒன்றும் இருக்கிறது. யாழ்ப்பாணத்தார் வீடுகளில், தாயை இழந்தவர்கள் சித்திரா பௌர்ணமிக்கு விரதம் இருப்பார்கள். தாய் உயிரோடு இருக்கிறவர்கள் அந்த விரதத்தைப் பிடிக்கவே கூடாது. எங்கள் பக்கம் இந்த வழக்கம் கிடையாது. ஆனால் கல்யாணமான அடுத்த சித்திரையிலேயே யோகலட்சுமி, தாயில்லாத பிள்ளை என்று என்மேல் இரக்கப்பட்டு, என்னை விரதமிருக்க வைத்தாள். பார்த்தே அறியாத மாமியாருக்காகக் கஞ்சி காய்ச்சினாள். நான் மறுக்கவில்லை. மறுக்க என்ன காரணம் சொல்வேன்?

கூட்டம் முடிந்த மறுநாள் சுகுமாரனுக்குப் போன் போட்டேன். நீங்கள் போய்ச் சாட்சி சொல்லுங்கள், எனக்கு உங்கள் அப்பாவைத் தெரியும் என்றேன்.

“சேகர் அண்ணே, எனக்கு மூணு மருமகன். மூணு பேர் வீட்டுலயும் நான் ஒரு மாதிரியா சொல்லி வெச்சிருக்கேன்,” என்றார். “நீங்களே போங்களேன். உங்களுக்கும் எல்லாம் தெரியும்தானே?”

கோழைப் பயல் என்று திட்டிவிட்டுப் போனை வைத்தேன். அவர் அப்பாவை மாற்றிச் சொன்னார். நான் அம்மாவைக் கொன்றே விட்டேன்.

அந்த வாரம் குமுதாவைக் கடைத்தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சந்தித்தேன். நான் வர முடியாது என்று சொல்வதற்குத்தான் போனேன். அவளுக்கே அது தெரிந்திருந்தது.

“அக்காவுக்குத் தெரியாதுல்ல?” என்றாள்.

“தெரியாது.”

“நான் சொல்லமாட்டேன் அண்ணே. நீங்க வந்தாலும் சொல்லமாட்டேன், வராட்டியும் சொல்லமாட்டேன். உங்கம்மா எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டுத்தான் கண்ண மூடுனாங்க.”

எனக்குக் கோபம்தான் வந்தது. சொல்லிவிடுவேன் என்று மிரட்டியிருந்தால் அவளை வெறுத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன். “நான் வராட்டி என்ன ஆகும்?” என்று கேட்டேன், என்ன ஆகும் என்று நன்றாகத் தெரிந்துகொண்டே.

“நான் இந்த ஊருல பொறந்ததுக்கு யாரும் சாட்சி இல்லேன்னு எழுதிருவாங்க,” என்றாள். “ஆப்பரேஷன் இல்லாட்டியும் நொண்டிக்கிட்டே கெடந்துருவேன் அண்ணே. ஆனா அப்படி எழுதினா அது பொய்தானே?”

தைப்பூசத்தன்று பிறந்தவள் குமுதா. கோட்டர்ஸே காலி, எல்லாரும் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போய்விட்டார்கள். மருத்துவச்சியும் போய்விட்டாள். அவள் அம்மாவுக்கு வலி எடுத்தபோது எங்கள் அம்மாதான் கூட இருந்தாள். ஏழு வயசுப் பையன் நான் அடுப்பில் வெந்நீர் வைத்தேன். குழந்தை அழுத சத்தத்தைக் கேட்டவர்களில் இன்றைக்கு உயிரோடு இருப்பவன் நான் ஒருவன்தான். அவளிடம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

விசாரணைக்கு ஒரு வாரம் முன்னால் எனக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். இதைச் சாக்காக வைத்துத் தப்பலாம் என்று பார்த்தேன். யோகலட்சுமி விடவில்லை. “கண்ணுக்குத்தானே சுகமில்லை, வாய் நல்லாத்தானே இருக்கு,” என்று சொல்லிக் காடியை எடுத்தாள். தனியாகக் கிராப் டாக்சி பிடித்துப் போகிறேன் என்றதும் எடுபடவில்லை. வழியெல்லாம் ஒரு திட்டம் போட்டுக்கொண்டே போனேன். பிளான் வரைந்தவன் என்று சொல்லிக் கட்டடத்தைப் பற்றி மட்டும் பேசலாம், பிறந்ததைக் கேள்விப்பட்டேன் என்று முடித்துவிடலாம்.

பதிவிலாகாவில் விசாரித்தவர் இக்மல் என்ற இளம் அதிகாரி. மரியாதையான பிள்ளை, என்னை மாமா முறை வைத்துப் பக்சிக் என்று கூப்பிட்டார். மலாயில்தான் கேட்டார். பாரத்தை நிரப்ப எனக்குக் கண் தெரியாததால் யோகலட்சுமி பேனாவை வாங்கிக்கொண்டாள். நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். குமுதா என் மறுபக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

“இவர் அந்தக் கோட்டர்ஸில் பிறந்தார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும், பக்சிக்?”

“கேள்விப்பட்டிருக்கிறேன்.”

“கேள்விப்பட்டது போதாது. மன்னிக்க வேண்டும். அந்த நேரத்தில் நீங்கள் அங்கே இருந்தீர்களா?”

இக்மல் காத்திருந்தார். குமுதா மெல்ல எழுந்தாள். “பரவால்ல ஐயா. இவ்ளோ தூரம் வந்ததே பெருசு. கண்ணு சரியில்லாத நேரத்துல,” என்று பைலை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். அவள் முகத்தில் துளி வருத்தம் தெரிந்திருந்தால்கூட நான் சும்மா இருந்திருப்பேன். என்னைக் காப்பாற்றிவிட்ட திருப்தி அல்லவா தெரிந்தது. கல்யாணத்தைச் சொன்ன அன்றைக்கு என் அம்மா முகத்திலும் அதையே பார்த்தேன்.

“உட்காரு குமுதா,” என்றேன். பிறகு மலாயில் சொன்னேன். “நான் அங்கே குடியிருந்தேன். பி பிளாக், பதினாலு. இவர் பதினைந்து. இவரைப் பிரசவம் பார்த்தது என் அம்மா. வெந்நீர் வைத்தது நான். தைப்பூச நாள், காலை பத்து மணி இருக்கும்.”

யோகலட்சுமியின் பேனா நின்றது. நான் அவள் பக்கம் திரும்பவில்லை.

“உங்கள் அம்மாவின் பெயர்?”

“அஞ்சலை.”

“வேலை?”

“தெரு கூட்டுவது. கவுன்சிலில்.”

“அப்பா?”

“மலவாளி சுமப்பது.”

பேனா மறுபடியும் ஓடும் சத்தம் கேட்டது.

“அம்மா உயிரோடு இருக்கிறார்களா?”

“இல்லை.”

“எந்த வருடம்?”

இதற்கும் ஒரு பொய் சொல்லலாம். ஆனால் பிரசவம் பார்த்தவள் இப்போது இல்லை என்று காட்ட, இறப்புச் சான்றிதழின் நகல் குமுதாவின் பைலில் இருக்கிறது. இறப்பைப் பதிவு செய்தவள் என்று அவள் பெயர்தான் அதில் இருக்கிறது.

“தொண்ணூற்று நாலு. ஜூலை.”

பேனா இந்த முறை ரொம்ப நேரம் நின்றது. பிறகு அவள் எழுதினாள். எழுதியதை ஊதிக் காயவைத்து, என் விரலைப் பிடித்துக் கையெழுத்து போட வேண்டிய இடத்தில் வைத்தாள். இக்மல் பாரத்தை இரண்டு தரம் படித்துவிட்டு, இந்தச் சாட்சி போதும், இனி மேலிடத்திலிருந்து கடிதம் வரும் என்றார். குமுதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

வெளியே வந்தோம். காடி நிற்கிற இடம் வரைக்கும் யோகலட்சுமி முன்னால் நடந்தாள். சாவியைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“பன்னிரண்டு சித்திரா பௌர்ணமி,” என்றாள். “உயிரோட இருந்த மனுசிக்கு நான் கஞ்சி காய்ச்சினனான். உப்புப் போதுமோ எண்டு கேப்பன். போதும், இன்னும் கொஞ்சம் ஊத்தும் எண்டு வாங்கிக் குடிச்சனீங்கள்.”

“யோகம், நான்…”

“தெருக் கூட்டினவவின்ர மகன் எண்டு சொல்லியிருந்தா எங்கட அப்பா தந்திருக்கமாட்டார். அது உண்மை. ஆனா நான் உங்களிட்ட வந்த பிறகு? மூண்டு பிள்ளை பெத்த பிறகு? அப்பா செத்த பிறகு? எப்ப சொல்ல இருந்தனீங்கள்?”

ஊரையெல்லாம் நக்கலடித்த வாய்க்கு அந்த வாகன நிறுத்தத்தில் ஒரு சொல் அகப்படவில்லை.

அவள் குமுதாவிடம் திரும்பினாள். “அவவுக்கு என்னைத் தெரியுமோ?”

குமுதா என்னைப் பார்த்தாள். சத்தியத்தை நினைத்திருப்பாள். பிறகு, இனி என்ன இருக்கிறது என்று தோன்றியிருக்க வேண்டும்.

“தெரியும்க்கா. பாத்திருக்காங்க.”

“எங்க?”

“ஸ்டூடியோ கண்ணாடியிலக்கா. உங்க கல்யாணப் படத்தப் பெருசு பண்ணி ரோட்டப் பாத்த மாதிரி வெச்சிருந்தாங்கல்ல? யாரோ அம்மாகிட்ட வந்து சொல்லிட்டாங்க. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போயிட்டு வர்றப்ப அங்க நிப்பாங்க. நானும் கூட நின்னிருக்கேன். மருமகளுக்கு மூக்குத்தி நல்லா எடுப்பா இருக்குன்னு சொல்வாங்க. மூணு வருஷம் அந்தப் படம் இருந்துச்சு. ஒருநாள் போனா வேற யாரோ பொண்ணு மாப்பிள்ளை. அன்னிக்கு முழுக்க அம்மா சாப்பிடல.”

இது எனக்குத் தெரியாது. மாதம் ஒரு தடவை அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், அவள் ஒருநாளும் சொன்னதில்லை.

யோகலட்சுமி தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். “அந்த ஸ்டூடியோ எந்த இடத்தில இருந்தது?”

“இப்ப இல்லக்கா. கைப்பேசிக் கடை வந்துருச்சு.”

“இருக்கட்டும். அவ நிண்ட இடத்தை எனக்குக் காட்டு,” என்றாள். குமுதாவுக்காக முன்கதவைத் திறந்து, அவள் காலை மெல்லத் தூக்கி உள்ளே வைத்து, கதவைச் சாத்தினாள். சுற்றி வந்து தானும் ஏறினாள்.

பின் சீட்டு காலியாகத்தான் இருந்தது. நான் கதவருகில் நின்றேன். யோகலட்சுமி கண்ணாடியை இறக்கி, “நீங்கள் பஸ்ஸில வாங்கோ,” என்றாள்.